கம்பத்தோடு கணக்கும் வரட்டும்

2009 இல் போர் முடிந்தபின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோற்று மின்வழி மீண்டும் அமைக்கப்பட்டது. ஆயினும் ஊருக்குள் கம்பி வந்தால்தான் நம் கிணற்று மோட்டார் ஓடும். ஒரு பொருள் குறைந்தாலும் வேலை நிற்கும், பயிர் காத்திராது. ஆகவே, மீளக்குடியேறும் நாம் பொருட்கணக்குப் பார்க்கப் பழகுவோம்.

1. தேவை: 40 மீற்றருக்கு ஒரு கம்பம் நட்டால், 1 கிலோமீற்றரில் 25 இடைவெளிகள்; கம்பங்கள் 26.

2. வரவு: லொறியிலிருந்து இறக்கும்போதே எண்ணி, சிட்டையுடன் ஒப்பிட வேண்டும். வெடித்த கம்பம், உடைந்த பீங்கான் காவலி ஆகியவற்றை வேறாக எழுத வேண்டும்.

3. வழங்கல்: 1000 மீற்றர் கம்பிச் சுருளில் 640 மீற்றர் கொடுத்தால், 360 மீற்றர் மிஞ்ச வேண்டும். பெற்றவர் ஒப்பமிட வேண்டும்.

4. திரும்பல்: மிஞ்சிய துண்டுகளும் அளந்து பதியப்பட்டுக் களஞ்சியம் சேர வேண்டும்.

வரவில் வழங்கியதைக் கழித்து, திரும்பியதைக் கூட்டினால் இருப்பு வரும். புத்தகமும் களஞ்சியமும் ஒவ்வாவிடில் அன்றே கேட்போம். நாட்பட்டால், பொருள் போன வழி தெரியாது. கேட்பது பகையல்ல, நேர்மையான பொறுப்பாளருக்கு அது பாதுகாப்பு.

சங்கக் கூட்டத்தில் செய்து பார்ப்போம்: வந்த 26 கம்பங்களில் 1 வெடித்தது, 18 நடப்பட்டன. களஞ்சியத்தில் நல்ல கம்பங்கள் எத்தனை இருக்க வேண்டும்?