ஈமான் என்னும் சொல்மேல் எழுந்த வழக்கு

பிறர் மதத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் அதனை அம்மதத்தார் கூறுமாறே கூறிவைத்தல் சித்தாந்த நூலார் மரபு. சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் 14 மதங்கள் அவ்வாறு வைக்கப்பட்டன. இஸ்லாம் அவற்றுள் இல்லை. ஆமத்தூரினின்று விருதுநகருக்கோ மதுரைக்கோ செல்லும் நாம் அம்மதத்தாரோடு நாளும் பழகுகின்றோம். ஆதலின், மறுத்தற்பொருட்டன்றி அறிதற்பொருட்டு, அவர்தம் பழைய வழக்கொன்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

ஈமான் என்பது இறைவன்பாற் கொள்ளும் உறுதிப்பாடு. பெரும்பாவம் செய்தானுக்கு அஃது உளதோ, இலதோ? இவ்வினா ஏட்டில் எழுந்ததன்று; போரில் எழுந்தது. கி.பி. 657-இல் ஸிப்பீனில் அலியாரும் முஆவியாவும் பொருதபோது, வழக்கை நடுவர் இருவரிடம் விட அலியார் இசைந்தார். தீர்ப்பு இறைவனுக்கே உரியதென்று அவர் படையினின்றும் பிரிந்தோர் கவாரிஜ் எனப்பட்டனர். பெரும்பாவி மதத்தினின்றும் நீங்கினான் என்பது இவர் கொள்கை; இவருட் கடியோர் அவனைக் கொல்லுதலும் தகும் என்றனர். 661-இல் கூபா நகர்ப் பள்ளிவாசலில் அலியாரை வெட்டியவன் இக்கூட்டத்தானே. ஒரு சொல்லின் பொருள்மேல் உயிர்கள் நின்றமை இதனால் விளங்கும்.

முர்ஜியா என்போர் பாவியின் தீர்ப்பை இறைவனிடமே ஒத்திவைத்தனர். செயல் ஈமானின் உறுப்பன்று என்றனர். பஸராவில் ஹஸன் பஸரீயின் அவையிலிருந்த வாஸில் இப்னு அதா, பாவி இருபாலும் சேராது இடைநிலையில் நிற்பான் என்று கூறிப் பிரிந்தார் என்பது வழிவழிச் செய்தி. இவர்வழி வந்தோர் முஃதஸிலா. கழுவாய் தேடாது இறந்த பாவிக்கு இவரும் நரகினின்று மீட்சி கூறிற்றிலர். ஆகவே, இடைநிலை என்ற சொல் கேட்டற்கு இனிதேனும் அவனுக்குத் தந்த ஆறுதல் சிறிதே என்பது நம் கருத்து.

இவ்வழக்கின் சுவடு நம் நாட்டிலும் உண்டு. இராவுத்தர் பெரும்பாலும் ஹனபி நெறியினர். காயற்பட்டினம், கீழக்கரை மரைக்காயர் ஷாபி நெறியினர். தொழுகையிற் கைகட்டும் இடம் முதலிய வேறுபாடுகளைப் பலரும் அறிவர். ஈமானைப்பற்றிய வேறுபாட்டை அறிந்தோர் சிலரே. நெஞ்சின் உடன்பாடும் நாவின் ஒப்புதலுமே ஈமான், அது கூடுவதும் குறைவதும் இல்லை என்றார் அபூ ஹனீபா (மறைவு 767). இதுபற்றியே மாற்றார் அவரை முர்ஜியா என்றனர். ஷாபி இமாமோ (மறைவு 820) செயலும் அதன் உறுப்பே, அது கூடும், குறையும் என்றார். அற்றேல் பாவி கவாரிஜ் கூறியாங்கு மதம் நீங்கினானாவனோ எனின், ஆகான். கிளை ஒடிந்த மரம் குறையுடைத்தாம், மரமன்றாதல் இல்லை.

இவ்வேறுபாட்டினின்றும் மற்றொன்று கிளைத்தது. 'இறைவன் நாடின் நான் ஈமான் உடையேன்' எனக் கூறுதல் ஷாபியார்க்கு உடன்பாடு. ஹனபியார்க்கோ அது தன் உறுதியைத் தானே ஐயுறுவதாம். அவருட் சிலர் அவ்வாறு கூறுவாரோடு மணவுறவும் கூடாதென்னும் அளவிற்குச் சென்றனர். பிற்காலத்து அறிஞர் இருவர் கருத்தையும் ஒப்ப நோக்கினர். ஹனபியார் இக்கணத்து நெஞ்சின் நிலையைச் சுட்டுகின்றனர். ஷாபியார் உயிர் பிரியுங்காலத்து நிலையைச் சுட்டுகின்றனர். அந்நிலை எவ்வாறாம் என்பதை இறைவனன்றி அறிவார் இல்லையென இருவரும் ஒப்புவர்.