இரண்டாம் ஆண்டுக்கும் அவர் வரவேண்டும் என்றால்

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு அங்கே முதலில் கிடைப்பது டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது கற்பித்தல் உதவியாளர்) வேலை. முதலாண்டு மாணவர்களை உட்காரவைத்துக் கணக்குப் போடவைக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். அந்த வகுப்பில் இருக்கும் கறுப்பின இளைஞர் படிப்பைப் பாதியில் விடாமல் இருக்க, பேராசிரியரைவிட டிஏவான உங்களால்தான் அதிகம் செய்ய முடியும்.

'அடிப்படை போதாது' என்ற முடிவோடு மட்டும் உள்ளே போகாதீர்கள். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதே பேச்சுதான் ஓடியது. கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் தோற்பதற்கு ஆர்வமின்மை, வறுமை, வீட்டுச் சூழல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிஏக்களுக்குப் பயிற்சி தந்துவந்த ஆராய்ச்சி மாணவர் யூரி டிரைஸ்மன் அதை அப்படியே நம்பவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் விடுதிவரை தொடர்ந்து போய்க் கவனித்தார். சொல்லப்பட்ட காரணம் ஒன்றும் நிற்கவில்லை. சீன மாணவர்கள் மாலையில் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார்கள். எல்லோருக்கும் வராத கணக்கென்றால், அது கடினமான கணக்கு என்று புரிந்துவிடும். கறுப்பின மாணவர்களில் அநேகமாக எல்லோரும் தனியே படித்தார்கள்; நட்பு வேறு, படிப்பு வேறு. மதிப்பெண் குறைந்ததும், தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்.

டிரைஸ்மன் அவர்களுக்குத் தனி டியூஷன் வைக்கவில்லை. சிறு குழுக்களாக உட்காரவைத்து, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். மதிப்பெண் நன்றாகவே ஏறியது.

நீங்களும் முதல் வாரத்திலேயே குழு பிரித்துவிடுங்கள். 'யாரோடு வேண்டுமானாலும் சேருங்கள்' என்று விட்டால் அந்தக் கறுப்பின மாணவர் தனியாகத்தான் நிற்பார். 'பின்தங்கியவர்கள் குழு' என்று ஒன்றை ஒருபோதும் அமைக்காதீர்கள். அந்தப் பெயருக்குக் கூசியே வராமல் போவார்கள்.

அடுத்தது பணம். அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், நன்றாகப் படிப்பவர்கள்கூடச் சில நூறு டாலர் கட்டண பாக்கிக்காக வெளியேறியதைப் பார்த்து, 2011இல் சிறு உதவித்தொகை ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர் விண்ணப்பிக்க வேண்டாம். பாக்கியைப் பார்த்துப் பல்கலைக்கழகமே கூப்பிடும். கேட்கக் கூச்சப்படுகிற பதினெட்டு வயதுக்காரருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் கல்லூரியில் அவசரகால நிதி எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டும் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

அந்த மாணவர் இரண்டு வகுப்புக்கு வரவில்லையா? அன்றே மெயில் போடுங்கள். 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்று எழுதினால் பதில் வராது. 'திங்கள்கிழமை உங்களைக் காணோம். மூன்றாவது கணக்கில் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். நாளை நான்கு மணிக்கு என் அறையில் உங்கள் குழு உட்காருகிறது, வந்துவிடுங்கள்' என்று எழுதுங்கள். வந்தால், அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள். பாக்கி காரணமாகப் பதிவு நின்றிருந்தால், அந்த நிதி அலுவலகத்துக்கு அவரோடு நீங்களும் நடந்து போங்கள்.