கணந்துளும் ஒளிப்படக் கருவியும்

பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்தனர் நம் முன்னோர். பின்பனியும் அதற்குரியதே, எனினும் பாலை என்றவுடன் நெஞ்சில் எழுவது வெயில்தான். இவ்விலக்கணத்தை வகுப்பறையின் நாற்சுவருக்குள் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். அதன் பொருளை நாம் மெய்யாக உணர்ந்தது, கோடை விடுமுறை ஒன்றில் ஒளிப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வற்றிய குளமொன்றின் உள்வாயில் நின்றபோதுதான்.

இயற்கையைப் படமெடுக்க விரும்புவோர்க்குக் கோடை உகந்த காலம் என்றால் சிலர் வியக்கக்கூடும். நெல்லைச் சீமையில் வானம் பார்த்த குளங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. பங்குனியில் நீர் சுருங்கும். சித்திரையில் நடுவே ஒரு குட்டை மட்டும் எஞ்சும். அகன்ற நீர்ப்பரப்பில் சிதறித் திரிந்த கொக்கும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் அவ்வொரு குட்டையைச் சூழ்ந்து நிற்கும். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டருகே உள்ள மரங்களிலேயே கூடமைக்கின்றன. பறவைகள் அஞ்சுமென்று அவ்வூரார் பட்டாசு வெடிப்பதையும் தவிர்க்கின்றனர்.

படமெடுக்க விடியற்காலையே ஏற்றது. கதிரவன் தாழ்ந்திருக்கும்போது ஒளி பக்கவாட்டில் விழுந்து இறகின் வரியைக்கூடக் காட்டும். வெயில் ஏறியபின் நிலத்திலிருந்து எழும் சூடான காற்று ஒளியை அலைக்கழிக்கும். எத்துணை விலையுயர்ந்த வில்லையானாலும் தொலைவிலுள்ள பறவை கலங்கியே பதியும். பாலைப் பாடல்களில் மானை ஏமாற்றும் கானல், ஒளிப்படக்காரரையும் ஏமாற்றுகின்றது.

இனி நம் பிழையைச் சொல்ல வேண்டும். மாணவர் மூவருடன் சென்றிருந்த அன்று, ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு நம் தலைக்குமேல் வட்டமிட்டு ஓயாது கத்தின. ஒன்று தரையிலிறங்கி, சிறகொடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடந்தது. கிடைத்தற்கரிய காட்சி என மகிழ்ந்து அரைமணி நேரம் படமெடுத்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார்.

"சார், அது ஒங்களுக்கு வேடிக்கை காட்டல. முட்டை கிட்ட நிக்கியன்னு கத்துது. கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார்.

குனிந்து நோக்கினோம். நான்கடித் தொலைவில், சரளைக் கற்களிடையே, கற்களைப் போலவே கரும்புள்ளியிட்ட நான்கு முட்டைகள். கூடென்று சொல்ல ஏதுமில்லை; சிறு பள்ளம் மட்டுமே. வெட்டவெளியில் வெயில் அவற்றின்மீது நேரே விழுந்துகொண்டிருந்தது.

பறவை அடைகாப்பது முட்டைக்குச் சூடேற்றவே என்று நாம் எண்ணியிருந்தோம். கோடையில் ஆள்காட்டி செய்வது மறுதலை. முட்டைமேல் நின்று நிழல் தருகின்றது. நீர்நிலைக்குச் சென்று வயிற்றிறகை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விக்கின்றது. ஏறக்குறைய நான்கு வாரம் இத்தொண்டு நடைபெற வேண்டும். அதனை விலக்கி நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்குள் இருக்கும் உயிருக்குக் கேடு.

குறுந்தொகைப் பாலைப் பாடலொன்றில் கணந்துள் என்னும் பறவை வருகின்றது. நீண்ட காலுடையது, வழியோரத்தில் இருப்பது, ஆள் வருவதைக் குரலெழுப்பி அறிவிப்பது. அது ஆள்காட்டியே எனக் கொள்வார் உளர். வழிச்செல்வோர்க்கு அக்குரல் எச்சரிக்கையாகப் பயன்பட்டதென்றே வகுப்பில் விளக்கி வந்தோம். தன் முட்டைக்காகவும் அது கத்தியிருக்கலாம் என்பது அந்நாள்வரை நமக்குத் தோன்றவில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர்க்குத் தெரிந்தது உரையாசிரியர்க்குத் தெரியவில்லை!

பத்து நாள் கழித்து மீண்டும் சென்றோம். முட்டைகள் அவ்வாறே கிடந்தன, பறவைகளைக் காணோம். நாம்தான் காரணமென்று அறுதியிட இயலாது. அல்லவென்று சொல்லவும் நா எழவில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்துள், பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அடங்கும். துப்பாக்கி ஏந்தாதவன் வேட்டைக்காரன் அல்லன் என்னும் நம் நினைப்பை அச்சட்டம் ஏற்பதில்லை. இந்நாளில் திறன்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதனை அருகழைத்துப் படமெடுப்பாரும் பெருகியுள்ளனர். இனப்பெருக்கக் காலத்தில் அது போட்டிப் பறவையென எண்ணி அலைந்து களைத்துப்போகும்.

புதின வரலாறு கற்பிக்கும்போது அ. மாதவையாவைத் தவறாது குறிப்பிடுகின்றோம். அவர் மகன் மா. கிருஷ்ணனை (1912–1996) ஏனோ மறந்துவிடுகின்றோம். நெல்லையில் பிறந்த அவர் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தவர். 1950 முதல் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். தமிழிலும் அருமையான கட்டுரைகள் தந்தவர். முதலில் உயிரினத்தை அறிந்தவர். அதனாலேயே அவர் படங்கள் இன்றும் பேசுகின்றன. மாணவர்கள் கருவி வாங்குமுன் அவர் எழுத்தைத் தேடிப் படித்தல் நன்று.

அடுத்த கோடையில் அதே குளத்துக்குச் சென்றபோது, பறவை குரலெழுப்பத் தொடங்கும் எல்லை எதுவென முதலில் கண்டுகொண்டோம். அதற்கும் அப்பால் பின்வாங்கி, கரைமீதிருந்த கருவேலமரத்தின் நிழலில் அசையாது அமர்ந்தோம். வெகுநேரம் கழித்து ஆள்காட்டி ஒன்று குட்டையிலிருந்து, நனைந்த வயிற்றோடு, முட்டையை நோக்கி நிதானமாக நடந்து வந்தது. ஒரே ஒரு படம் எடுத்தோம். அப்படத்தில் பறவை விரல்நுனி அளவே உள்ளது. சுற்றிலும் வெடித்த குளத்து மண்.