பாவித்த காரின் பரிசோதனை வரலாறு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்படும் வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக இலங்கையின் கார்ச் சந்தை ஏற்கெனவே நாட்டிலிருந்த வாகனங்களையே கைமாற்றிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று விலைபேசப்படும் ஒரு கார் பல கைகளைக் கடந்து வந்ததாக இருக்கக்கூடும் என்பதால், அதன் கடந்த காலம் விலையைப் போலவே முக்கியமானதாகிறது. ஆயினும் "பேப்பர் எல்லாம் கிளியர்" என்ற தரகரின் ஒரு சொல்லே அந்தக் கடந்த காலத்துக்கான முழுச் சாட்சியாகப் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. ஒவ்வொரு பத்திரமும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது என்பதும், பிற கேள்விகளுக்கு அதில் விடை தேடுவது வீண் என்பதும் கீழ்வரும் நம்பிக்கைகளை ஆராயும்போது தெளிவாகும்.

நம்பிக்கை 1: புகைப் பரிசோதனையில் தேறி, வருமான அனுமதிப்பத்திரமும் பெற்ற கார் ஓட்டத்துக்குத் தகுதியானது.

உண்மை: 2008 இல் தொடங்கப்பட்டு, லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா ஆகிய நிறுவனங்களின் நிலையங்களில் நடத்தப்பட்டுவரும் புகைப் பரிசோதனை, பெற்றோல் வாகனத்தில் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும், டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தியையும் அளவிடுகிறதே தவிர, பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், அடிச்சட்டம் ஆகிய எவற்றையும் பரிசோதிப்பதில்லை. அந்தச் சான்றிதழும் காப்புறுதிப் பத்திரமும் காட்டப்பட்டால் ஆண்டுதோறும் வழங்கப்படும் வருமான அனுமதிப்பத்திரம், உரிய கட்டணம் செலுத்தப்பட்டதற்கான அத்தாட்சியே ஆகும். பேருந்து, லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் கோரப்படுவதுபோல, தனியார் கார்களின் முழு உடலையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் முறை இலங்கையில் இல்லை. இங்கிலாந்தில் 1960 முதல் நடைமுறையிலுள்ள எம்ஓடி சோதனையின் பெறுபேறுகளையும் ஒவ்வொரு சோதனையின்போதும் பதியப்பட்ட ஓட்ட அளவையும் இணையத்தில் எவரும் பார்க்கலாம் என்பதால், அங்கிருந்து வரும் உறவினர்கள் கொழும்பிலும் அத்தகைய ஒரு பதிவேட்டை எதிர்பார்ப்பது இயல்பே. இங்கோ அவ்வரலாற்றை வாங்குபவரே துண்டுதுண்டாகச் சேர்த்தெடுக்க வேண்டியுள்ளது.

நம்பிக்கை 2: ஜப்பானிலேயே பரிசோதிக்கப்பட்டு வந்த காருக்கு மறுபரிசோதனை தேவையில்லை.

உண்மை: ஜப்பானின் கட்டாய வாகனப் பரிசோதனையான "ஷாகென்", புதிய காருக்கு முதன்முறையாக மூன்று ஆண்டுகள் கழித்தும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடைபெறுவது. மூன்று வயதுக்கு முன்பே கப்பலேறிய கார் ஒன்று அந்தப் பரிசோதனையை ஒரு தடவையேனும் சந்திக்காமலே இலங்கைக்கு வந்திருக்கக்கூடும். உண்மையில் பயன் தரக்கூடிய ஆவணம் ஏல அறிக்கைதான். ஜப்பானிய ஏலக் கூடத்தின் பரிசோதகர் தயாரிக்கும் அவ்வறிக்கையில் காரின் மொத்தத் தரம் எண்ணாலும், உள்ளறையின் நிலை எழுத்தாலும் குறிக்கப்படுவதோடு, காரின் வரைபடத்தில் கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, பழுதுபார்த்த தடத்துக்கு டபிள்யூ, மாற்றப்பட்ட பாகத்துக்கு எக்ஸ்எக்ஸ் என்றவாறு குறியீடுகளும் இடப்படுகின்றன.

இங்கு நுட்பமான ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. எண்ணுக்குப் பதிலாக ஆர் அல்லது ஆர்ஏ என்ற எழுத்தைப் பெறும் கார், தூண்கள், அடிச்சட்டம் முதலிய எலும்புக்கூட்டுப் பகுதிகளில் விபத்துச் சேதமடைந்து திருத்தப்பட்டதாகும்; ஆணி கழற்றி மாற்றக்கூடிய கதவோ முன்மூடியோ மாற்றப்பட்டிருந்தால், அது "விபத்துத் திருத்தம்" என்ற கணக்கில் சேர்வதில்லை. ஆகவே நான்காம் தரம் பெற்ற காரிலும் மாற்றப்பட்ட கதவு இருக்கலாம். அதை வரைபடமே சொல்லும். பிரதிகளைத் திருத்தி அச்சிடுவது எளிதாகிவிட்ட நிலையில், ஏலக் கூடத்தின் பெயர், ஏல நாள், ஏல இலக்கம், செசி இலக்கம் ஆகியவற்றை ஏலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அவ்வறிக்கையை விற்பனையாளரின் கூற்றாகவே கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 3: மீட்டரில் கிலோமீற்றர் குறைவாக இருந்தால் கார் குறைவாகவே ஓடியுள்ளது.

உண்மை: இலத்திரனியல் மீட்டரின் எண்ணிக்கையைக் கருவி கொண்டு குறைத்துவிட முடியும் என்பதால், மீட்டரைப் பிற சாட்சிகளோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். ஏல அறிக்கையிலும் முகவர் நிலையத்தின் சேர்விஸ் பதிவுகளிலும் உள்ள ஓட்ட அளவுகள் காலவரிசையில் ஏறிச்செல்ல வேண்டும். பழைய புகைச் சான்றிதழ்களில் கிலோமீற்றர் குறிக்கப்பட்டிருந்தால் அவையும் இதற்கு உதவும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். இருபதாயிரம் கிலோமீற்றர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில் நான்கு டயர்களும் காரைவிட இளையவையாக இருந்தால், அவை ஏன் மாற்றப்பட்டன என்ற வினாவுக்கு விற்பனையாளர் விடையளிக்க வேண்டும்.

நம்பிக்கை 4: பதிவுப் புத்தகத்தில் ஒரே உரிமையாளர் என்றிருந்தால் கார் ஒரே கையில் இருந்தது.

உண்மை: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழ், பதிவு உரிமையாளரையும், லீசிங் கடன் தீரும்வரை "முழு உரிமையாளர்" எனப்படும் நிதி நிறுவனத்தையும், எஞ்சின், செசி இலக்கங்களையும் காட்டுகிறது, விபத்துகளைக் குறிக்க அதில் இடமில்லை. உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவத்தில் கையொப்பம் மட்டும் பெற்று, நாளிடாமல் வாகனத்தைக் கைமாற்றும் "ஓபன் பேப்பர்" வழக்கத்தில் இடையில் வைத்திருந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. இலக்கத் தகட்டின் எழுத்து வரிசையும் இலங்கையில் பதியப்பட்ட காலத்தையே உணர்த்துவதால், காரின் வயதை அறியச் சான்றிதழிலுள்ள உற்பத்தி ஆண்டையே பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 5: லீசிங் நிறுவனம் மதிப்பீடு செய்துவிட்டால் வேறு பரிசோதனை வேண்டியதில்லை.

உண்மை: மதிப்பீட்டாளரின் அறிக்கை, கடனுக்கு ஈடாக வாகனம் எவ்வளவு பெறும் என்பதைச் சொல்வது, மறைந்த சேதத்தைத் தேடுவது அதன் நோக்கமன்று. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளங்களில் நீர் புகுந்த கார், கழுவி மெருகேற்றிய பின் வெளித்தோற்றத்தில் எதையும் காட்டாதிருக்கலாம். கடற்காற்றுப் படும் வெள்ளவத்தையில் நின்ற காரின் அடிப்பகுதியில் துரு காணப்படுவது இயல்பு. ஆனால் மூடிய உள்ளறையில் ஆசனத் தண்டவாளங்களும் கம்பளத்தின் கீழுள்ள ஆணிகளும் துருப்பிடித்திருப்பதும், ஆசனப் பட்டியை முழுவதும் இழுக்கும்போது சேற்றுக் கறை தெரிவதும் நீர் உள்ளே நின்றதற்கான அடையாளங்கள்.

இவ்வனைத்தையும் இணைக்கும் இழை செசி இலக்கம். சுசுகி வாகன் ஆர் காரின் எம்எச்55எஸ் போன்ற மாதிரிக் குறியீட்டோடு தொடங்கும் ஜப்பானிய உள்நாட்டு இலக்கத்தை, முதலில் காரின் உடலில் பொறித்திருப்பதோடும், அடுத்துத் திணைக்களப் பதிவோடும் ஏல அறிக்கையோடும் சேர்விஸ் பதிவோடும் ஒப்பிட்டு, உரிமையாளர் ஊடாகக் காப்புறுதிக் கோரிக்கை விபரத்தையும் பெற்று, இறுதியாகக் காரை லிஃப்டில் ஏற்றிப் பரிசோதிப்பதே முறையான வரிசையாகும். அந்த இலக்கத்தை முற்பணத்துக்கு முன் தர மறுக்கும் இடத்தில் விலைபேச்சைத் தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.