செயற்பாட்டு விரியலாக்கி: பயப்பு வோல்ற்றளவின் எல்லையும் நிரம்பலும்

விரியலாக்கி சக்தியை உண்டாக்குவதில்லை. மின்வழங்கலிலிருந்து பெறும் சக்தியையே அது பெய்ப்புக்கு ஏற்பப் பயப்பிற்கு வழங்குகின்றது. ஆகவே செயற்பாட்டு விரியலாக்கியின் பயப்பு வோல்ற்றளவு வழங்கல் வோல்ற்றளவை விஞ்ச மாட்டாது. பயப்பு தன் எல்லையை அடைந்து, பெய்ப்பை மேலும் கூட்டினாலும் மாறாதிருக்கும் நிலை நிரம்பல் எனப்படும்.

உதாரணம்
741 செயற்பாட்டு விரியலாக்கிக்கு +15, −15 வோல்ற்று வழங்கப்பட்டுள்ளது. சுமைத்தடை 10 கிலோ ஓம் ஆகும்போது பயப்பின் எல்லை வழமையாக ±14 வோல்ற்று. சுற்றின் வோல்ற்றளவு நயம் +10 எனக் கொள்க.

(அ) பெய்ப்பு 0.5 வோல்ற்று எனின், பயப்பு 10 × 0.5 = 5 வோல்ற்று.
(ஆ) பெய்ப்பு 2 வோல்ற்று எனின், 10 × 2 = 20. இது எல்லையிலும் கூடியது. எனவே பயப்பு 14 வோல்ற்று.
(இ) நிரம்பலடையாதிருக்கத்தக்க உச்சப் பெய்ப்பு 14 ÷ 10 = 1.4 வோல்ற்று.

(ஆ) இற்கு 20 என எழுதுவதே மாணவர் விடும் பொதுவான பிழை. பெருக்கல் சரி, விடை பிழை!

உச்சி 2 வோல்ற்றுடைய சைன் அலையை வழங்கினால், பயப்பு அலையின் மேல், கீழ் உச்சிகள் வெட்டப்பட்டுத் தட்டையாகும். ஒலிச் சமிக்ஞையாயின் ஒலி திரிபடையும்.

பின்னூட்டல் இல்லாதபோது
741 இன் திறந்த தட நயம் ஏறத்தாழ 200 000 ஆகும். 14 ÷ 200 000 = 0.00007. அதாவது இரு பெய்ப்புகளுக்கிடையே 0.07 மில்லிவோல்ற்று வித்தியாசமே நிரம்பலுக்குப் போதும். ஒப்பிடும் சுற்றுகளில் இவ்வியல்பே பயன்படுகின்றது.

செய்முறையில் கவனிக்க
9 வோல்ற்றுத் தனி மின்கலவடுக்கில் 741 ஐ இணைத்தால், பயப்பு 0 வரை இறங்காது. 1 தொடக்கம் 2 வோல்ற்று வரை எஞ்சும். திரான்சிற்றரின் அடி–காலிக்கு ஏறத்தாழ 0.7 வோல்ற்றே போதுமாதலால், அது அணையாமல் மின்குமிழ் எரிந்துகொண்டேயிருக்கும். 741 பழுதென எண்ணி எறிந்துவிடாதீர்கள். பயப்பு 0 இற்கு மிக அருகே இறங்கக்கூடிய எல்.எம். 358 ஐப் பயன்படுத்துங்கள்.

ஞாபகத்தில் வைத்திருங்கள்
1. நயத்தால் பெருக்குக.
2. விடையை எல்லையுடன் ஒப்பிடுக.
3. எல்லையைத் தாண்டினால் எல்லைப் பெறுமானத்தையே குறியுடன் எழுதுக.

பயிற்சி
நயம் +20, பயப்பின் எல்லை ±8 வோல்ற்று. பெய்ப்பு 0.3, 0.5, −0.6 வோல்ற்று ஆகும்போது பயப்பு யாது?
விடை: முறையே 6, 8, −8 வோல்ற்று.