விட்டு விட்டு வந்த டிஸ்க்

புதுச்சேரியில் ஒரு சிறிய போட்டோக் கடை. ஓர் அக்கா அதை நடத்துகிறார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் போய்ப் படம் எடுப்பார். படங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைப்பார். அது உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும்.

ஒரு நாள் காலை ஓர் அம்மா வந்தார். போன ஆண்டு அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது அக்காதான். இப்போது அந்த அம்மாவின் கணவர் இறந்துவிட்டார்.

"மாலை போட்டு வைக்க நல்ல படம் ஒன்றுகூட இல்லை, கண்ணு. கல்யாணத்தில் எடுத்தது இருக்குமா?"

"இருக்கும்மா. சாயந்திரம் வாங்க" என்றார் அக்கா.

அக்கா டிஸ்க்கை மாட்டினார். படங்கள் தெரிந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டிஸ்க் காணாமல் போனது. மீண்டும் வந்தது. மீண்டும் போனது. பிறகு திரையில் ஓர் அறிவிப்பு. டிஸ்க்கை 'ஃபார்மேட்' செய்யட்டுமா என்று கேட்டது.

"அக்கா, அதை அமுக்காதீங்க!" என்று கடைப் பையன் ஓடி வந்தான். "ஃபார்மேட் செய்தால் படங்களைத் திரும்ப எடுப்பது கஷ்டம்."

பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். அக்கா வேண்டாம் என்று அமுக்கினார்.

பையன் டிஸ்க்கைத் தூக்கவில்லை. குனிந்து காதை அருகில் கொண்டு போனான். இந்த வகை டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. தட்டுக்கு மேலே, அதைத் தொடாமல், ஒரு சிறு முனை எழுத்தைப் படிக்கிறது. சுற்றும்போது அசைத்தால் முனை தட்டில் உரசலாம். 'டக், டக்' என்று விடாமல் சத்தம் வந்தால் உள்ளே பழுது. உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டும்.

அந்தச் சத்தம் வரவில்லை. தட்டு சுற்றத் தொடங்கியது, ஓய்ந்தது. மீண்டும் தொடங்கியது.

"இதற்குக் கரண்ட் போதவில்லை அக்கா" என்றான்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் விளக்கு மங்குகிறது அல்லவா? மோட்டார் கிளம்பும்போது கூடுதல் கரண்ட் இழுக்கும். டிஸ்க்கும் அப்படித்தான். இதற்குத் தனிக் கரண்ட் கிடையாது. ஒரே ஒயரில்தான் படமும் போகிறது, கரண்டும் வருகிறது. பழைய யுஎஸ்பி துளை 500 மில்லி ஆம்பியர் தரும். பின்னால் வந்த வகை 900 தரும். பல கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையின் உள்ளே நீல நிறம் இருக்கும்.

அக்காவின் கடையில் ஒரு துளையில் நான்கு துளைப் பெட்டி மாட்டியிருந்தது. அதில் டிஸ்க், கீபோர்டு, மவுஸ், செல்போன் எல்லாம் தொங்கின. ஒரு ஆள் சோற்றை நாலு பேர் சாப்பிட்ட கதை.

பையன் கம்ப்யூட்டரை நிறுத்தினான். பெட்டியைக் கழற்றினான். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் நேராக மாட்டினான். ஐந்து நிமிடம் நின்றது. பிறகு போய்விட்டது.

"ஒயர் எப்போது வாங்கியது?"

"பழையது தொலைந்துவிட்டது தம்பி. இது தெருவில் வாங்கினேன். நீளமாக இருக்கிறதே என்று பார்த்தேன்."

நீளமான மெல்லிய ஒயரில் கரண்ட் குறைந்துதான் வந்து சேரும். அதோடு, முனை மடிந்தும் இருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு குட்டை ஒயர் கடன் வாங்கினார்கள். டிஸ்க் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அசையவில்லை.

ஒயர் மாற்றியும் போகிறதா? வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் குறை முதல் கம்ப்யூட்டரில். சில கம்ப்யூட்டர்கள் கரண்டை மிச்சம் பிடிக்க யுஎஸ்பி துளையைத் தாமே அணைத்துவிடும். அந்த அமைப்பை மாற்ற வேண்டும். அங்கேயும் போனால் குறை டிஸ்க்கில்தான்.

பந்தியில் சாம்பார் வாளியோடு அந்த ஐயா சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் படத்தை முதலில் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தார்.

"மற்றதையும் இப்போதே வேறு டிஸ்க்கில் நகல் எடுங்க அக்கா. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது."

"இன்னொரு டிஸ்க் என்றால் காசாகுமே தம்பி!"

பையன் பதில் சொல்லவில்லை. அக்கா திரையில் இருந்த கல்யாணங்களை எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, பணப்பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார்.

சாயந்திரம் அந்த அம்மா வந்தபோது நகல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.