நுரைக்குள் ஒரு தொட்டில்

மாணவர்களே, மழை பெய்த மறுநாள் காலையில் தண்ணீர் வாளியின் உள்சுவரிலோ, தாமரைத் தொட்டியின் மேல் சாய்ந்திருக்கும் இலையிலோ வெளிர்மஞ்சள் நுரைக்கட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்ததுண்டா? சோப்பு நுரை என்று எண்ணிப் பலர் அதைக் கழுவிவிடுகிறார்கள். உண்மையில் அது மரத்தவளையின் கூடு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டுத் தோட்டங்களிலும் வாழும் இத்தவளையின் அறிவியல் பெயர் பொலிபிடேட்டஸ் லியூகோமிஸ்டாக்ஸ். ஆண் ஏறக்குறைய 5 செ.மீ. நீளமுள்ளது; பெண் அதைவிடப் பெரியது. சிலவற்றின் முதுகில் நான்கு கோடுகள் இருக்கும். விரல் நுனியிலுள்ள வட்டத் திண்டுகளின் உதவியால் வழுவழுப்பான சுவரிலும் ஏறும்.

ஏன் நுரை?

கோழி முட்டைக்கு ஓடு உண்டு. தவளை முட்டைக்கு இல்லை. வெளியில் இட்டால் காய்ந்துவிடும். நீரில் இட்டால் மீன்களும் நீர்ப்பூச்சிகளும் தின்றுவிடும். இந்தச் சிக்கலுக்கு நுரையே தீர்வு.

பெண் தவளை முட்டையிடும்போது புரதம் கலந்த திரவத்தையும் சுரக்கிறது. அதைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்குகிறது. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் காற்று சிக்கிக்கொண்டு நுரை பொங்குகிறதல்லவா? அதே முறைதான். நுரையின் வெளிப்புறம் காய்ந்து இறுகும். உட்புறம் ஈரமாகவே இருக்கும். குமிழிகளில் உள்ள காற்றிலிருந்து கருவுக்கு உயிர்வளி கிடைக்கிறது.

சில நாள்களில் முட்டைகள் பொரிந்து, நுரை இளகும். தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழும். அவற்றின் மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும்.

கடல் கடந்த ஒற்றுமை

மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் வாழும் துங்காரா தவளையும் நுரைக்கூடு கட்டுகிறது. ஆனால், அதன் கூடு நீரின்மேல் மிதக்கும். அது முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நெருங்கிய உறவில்லாத உயிரினங்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே வகைத் தீர்வை அடைவதைக் குவிபரிணாமம் என்கிறோம்.

டிங்கி பயம் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதற்காகக் கூட்டை அழிக்க வேண்டியதில்லை. கொசு நுழையவோ வெளியேறவோ முடியாதபடி வாளியின் வாயை மெல்லிய வலையால் இறுக மூடுங்கள். தலைப்பிரட்டைகளுக்கு முன்னங்கால்கள் முளைக்கும்போது அவை ஏறி அமர ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். வால் சுருங்கியதும் குட்டித் தவளைகளைச் செடிகளுக்கிடையே விட்டுவிட்டு, வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

சிந்திக்க: கூடு பெரும்பாலும் நீருக்கு மேலே இருப்பது ஏன்?